வெள்ளமும் உவரும் தத்தியும் தாங்கும் நெல்: அண்மைக்கால ஆராய்ச்சிகள் காட்டும் வழி

நெற்செய்கையில் ஈடுபட்டோருக்கு நட்டம் விளைவிப்பன பல. அவற்றுள் வெள்ளம், உவர், பீடை ஆகிய மூன்றும் சில நாட்களுள் ஒரு போகத்தின் உழைப்பு முழுவதையும் அழித்துவிட வல்லன. 2011 ஆம் ஆண்டு சனவரி, பெப்புருவரி மாதங்களிற் பெய்த பெருமழையால் மட்டக்களப்பு, அம்பாறை, திருகோணமலை மாவட்டங்களிற் பெரும்போக வயல்கள் பரந்த அளவில் மூழ்கி அழிந்தன. 2004 திசெம்பர் 26 ஆம் நாள் கரையை மோதிய ஆழிப்பேரலை, கரையோர வயல்கள் பலவற்றில் உவரைப் படியவைத்துச் சென்றது. விளைவை இழந்த கமக்காரன் அப்போகத்து உணவை மட்டுமன்றி, அடுத்த போகத்துக்குரிய விதைநெல்லையும் இழக்கின்றான், கடனும் மிஞ்சுகின்றது.

இவ்விடர்களை எதிர்த்து நிற்கும் வழிகளைப் பரம்பரையியல், இரசாயனவியல், பூச்சியியல், வான்வெளித் தொழினுட்பம் எனப் பல துறைகளைச் சார்ந்த விஞ்ஞானிகள் சென்ற சில பத்தாண்டுகளாக ஆராய்ந்து வந்துள்ளனர். அவர்கள் பெற்ற முடிவுகளை ஒருங்கே நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். வெள்ளத்தையோ உவரையோ தாங்கும் ஆற்றல் ஆய்வுகூடத்திற் புதிதாகப் படைக்கப்பட்டதன்று. அது கமக்காரர் தலைமுறை தலைமுறையாகப் பேணி வந்த பழைய நெல்லினங்களுள் ஏற்கெனவே இருந்தது. அஃது எங்கே அமைந்துள்ளது, எவ்வாறு செயற்படுகின்றது, நல்விளைவு தரும் இனமொன்றுக்கு அதனை மாற்றுவது எங்ஙனம் என்பவற்றை அறிந்தமையே புதிய விஞ்ஞானத்தின் பேறாகும். ஒவ்வோர் ஆற்றலுக்கும் ஓர் எல்லையும் உண்டு. அவ்வெல்லையை அறியாது புதிய இனத்தை விதைப்பவர் ஏமாற்றமடைய நேரிடும். ஆதலின், அவ்வாற்றல்களும் அவற்றின் எல்லைகளும் இத்துண்டுப்பிரசுரத்தில் விளக்கப்படுகின்றன.

நெல் நீரில் மூழ்கி இறப்பதேன்?

நெல் நீரை விரும்பும் பயிராயினும், முற்றாக மூழ்கி நெடுநாள் உயிர்வாழும் பயிரன்று. பயிரின் நுனி நீருக்கு மேல் நிற்கும்வரை, இலையிலும் தண்டிலும் உள்ள காற்றறைகளினூடாக ஒட்சிசன் வேர்வரை செல்கின்றது. நுனியும் மூழ்கியபின் அவ்வழி அடைபடுகின்றது. நீரினூடாக வாயுக்கள் பரவும் வேகம், வளியினூடாகப் பரவும் வேகத்தில் ஏறத்தாழப் பதினாயிரத்தில் ஒரு பங்கேயாகும். எனவே பயிருக்குத் தேவையான ஒட்சிசனும் காபனீரொட்சைட்டும் போதியளவு கிடைப்பதில்லை. வெள்ளம் கலங்கியிருப்பின் சூரிய ஒளியும் குறைந்து, உணவு தயாரிக்கும் தொழில் மேலும் தடைப்படுகின்றது.

இவ்வேளையிற் பயிரினுள் உண்டாகும் எதிலீன் என்னும் வாயு வெளியேற வழியின்றித் தேங்குகின்றது. தேங்கிய எதிலீன், வளர்ச்சியைத் தூண்டும் ஜிபரெலின் என்னும் ஓமோனின் செயலை மிகுவிக்கின்றது. பயிர் நீருக்கு மேல் தலைகாட்டும் பொருட்டு விரைந்து நீளத் தொடங்குகின்றது. அதற்காகத் தான் சேமித்து வைத்த சீனியையும் மாப்பொருளையும் செலவிடுகின்றது. வெள்ளம் ஒரு கிழமைக்கு மேல் நிலைத்து நிற்பின் அச்சேமிப்புத் தீர்ந்து போகின்றது. நீர் வடிந்தபின், நீண்டு மெலிந்த தண்டு சாய்ந்து சேற்றில் அழுகும். மழைக்காலம் முடியுமுன்னரே கொம்பறையிலுள்ள நெல் முழுவதையும் உண்டு தீர்த்த குடும்பத்தின் நிலையை இது ஒக்கும்.

வெள்ளத்தைத் தாங்கும் பரம்பரையலகு

இந்தியாவின் ஒடிசா மாநிலத்துக் கமக்காரர் பயிரிட்டு வந்த பழைய நெல்லொன்றிலிருந்து தெரிந்தெடுக்கப்பட்ட எவ்.ஆர். 13 ஏ என்னும் இனம், ஏறக்குறைய இரு கிழமைகள் முற்றாக மூழ்கியிருந்தும் உயிர் பிழைக்கும். பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பல நாட்டு நெல்லினங்களை நீரில் அமிழ்த்திச் சோதித்தபோது, இலங்கையைச் சேர்ந்த குர்கறுப்பன், கொட ஹீனட்டி, தவலு ஆகிய பழைய இனங்களும் இவ்வாற்றல் உடையனவெனக் காணப்பட்டன. எனினும் எவ்.ஆர். 13 ஏ போன்ற இனங்களின் விளைவு குறைவு. அவற்றை உயர்விளைவு இனங்களோடு கலந்து பெற்ற பயிர்களில், வெள்ளந் தாங்கும் ஆற்றலோடு வேண்டாத குணங்களும் சேர்ந்து வந்தமையாற் கமக்காரர் அவற்றை விரும்பவில்லை.

இத்தடை நீங்கியமைக்குப் பரம்பரையியல் ஆராய்ச்சியே காரணமாயிற்று. உயிர்களின் குணங்களைப் பெற்றோரிடமிருந்து வழித்தோன்றல்களுக்குக் கொண்டுசெல்வன பரம்பரையலகுகள் எனப்படும். நெல்லில் அவை 12 சோடி நிறமூர்த்தங்களில் அடுக்கப்பட்டுள்ளன. வெள்ளத்தைத் தாங்கும் ஆற்றல் ஒன்பதாம் நிறமூர்த்தத்தின் ஓரிடத்திற் பெரும்பாலும் அடங்கியுள்ளதென்பதை 1996 இற் கெனொங் சூ, டேவிட் மக்கில் ஆகியோர் கண்டறிந்தனர். சப்-1 என அவ்விடம் பெயர்பெற்றது. அங்குள்ள பரம்பரையலகுகளுள் இவ்வாற்றலைத் தருவது எதுவென்பதை அவ்விருவரும் பமேலா ரொனால்ட் முதலிய விஞ்ஞானிகளும் 2006 இல் வெளியிட்டனர்.

இப்பரம்பரையலகு செயற்படும் விதம் வியக்கத்தக்கது. எதிலீன் தேங்கியவுடன் இது விழித்தெழுந்து, ஜிபரெலினின் தூண்டுதலை அடக்குகின்றது. பயிர் நீளாமல், சேமிப்பைச் செலவிடாமல், உறங்குவது போல அடங்கியிருக்கின்றது. நீர் வடிந்தபின், மிஞ்சிய சேமிப்பைக் கொண்டு புதிய இலையை விடுகின்றது.

இதற்கு நேர்மாறான வழியைக் கையாளும் நெல்லும் உண்டு. பல மாதங்கள் ஆழ்ந்த நீர் நிற்கும் தென்கிழக்காசிய வெள்ளச் சமவெளிகளில் விளையும் ஆழ்நீர் நெல், நாளொன்றுக்கு 25 சதமமீற்றர் வரை நீள வல்லது. அதற்குக் காரணமான இரு பரம்பரையலகுகளை யப்பானின் நகோயாப் பல்கலைக்கழகத்தார் 2009 இல் அறிவித்தனர். அங்கும் அறிகுறியாய் அமைவது எதிலீனே. விரைவில் வடியும் வெள்ளத்துக்கு அடங்கியிருத்தலும், வடியாத வெள்ளத்துக்கு நீளுதலும் ஏற்ற வழிகளாகும். ஆதலின், வயலில் வருவது எவ்வகை வெள்ளம் என்பதை அறியாது இனத்தைத் தெரிதல் கூடாது.

குறி பார்த்துத் தெரிதல்

ஒரு பட்டியிற் பலருடைய மாடுகள் கலந்து நின்றாலும், சுடப்பட்ட குறியைக் கொண்டு தன் மாட்டை உடையவன் அறிகின்றான். அதுபோலவே, வேண்டிய பரம்பரையலகின் அருகில் அமைந்துள்ள இரசாயன அடையாளமொன்றைக் குறியாகக் கொண்டு, கலப்பு நாற்றுகளுள் வேண்டியதைத் தெரிந்தெடுக்கலாம். நாற்றிலிருந்து சிறு இலைத்துண்டொன்றைக் கிள்ளியெடுத்து, அதிலுள்ள டீ.என்.ஏ. என்னும் பொருளைப் பன்மடங்காகப் பெருக்கி இச்சோதனை செய்யப்படும். இவ்வாறு பெருக்கும் முறையை 1983 இற் கண்டவர் கரி மலிஸ் என்னும் அமெரிக்க இரசாயனவியலாளர். அவருக்கு 1993 இல் நோபெல் பரிசு கிடைத்தது. நெல்லின் பரம்பரைத் தொகுதி முழுவதும் 2005 இல் வாசித்து முடிக்கப்பட்டமையாற் குறிகளைத் தேடுவதும் எளிதாயிற்று.

இம்முறையால், நாற்றை வெள்ளத்தில் அமிழ்த்திப் பார்த்து அறியவேண்டியதை இலைத்துண்டொன்றால் அறியலாம். இந்தியாவிற் பெருமளவிற் பயிரிடப்படும் சுவர்ணா என்னும் இனத்துடன் சப்-1 ஐச் சேர்த்து, இரண்டு மூன்று மீள்கலப்புகளுள், மற்றைய குணங்கள் மாறாத சுவர்ணா சப்-1 பெறப்பட்டது. அது 2009 இல் இந்தியக் கமக்காரருக்கு வெளியிடப்பட்டது. இது பிற உயிரொன்றின் பரம்பரையலகை நெல்லுட் புகுத்தும் முறையன்று. நெல்லுக்கும் நெல்லுக்குமிடையே வழமையாகச் செய்யப்படும் மகரந்தக் கலப்பேயாகும். தெரிவு மட்டுமே புதியது.

ஒடிசாவிற் கமக்காரரின் வயல்களிலேயே நடத்தப்பட்டு 2013 இல் வெளியான பரிசோதனையொன்றில், 10 நாட்கள் மூழ்கிய வயல்களிற் சுவர்ணா சப்-1, சுவர்ணாவிலும் ஏறக்குறைய 45 சதவீதம் கூடுதலான விளைவைத் தந்தது. வெள்ளம் வராத வயல்களில் விளைவு குறையவுமில்லை. தாழ்ந்த நிலங்களே வெள்ளத்துக்கு முதலில் இரையாவன. அங்கு அத்தகைய நிலங்கள் பெரும்பாலும் வறியோருக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் உரியனவாதலின், இவ்வினத்தால் அவர்களே கூடுதலான பயன் பெறக்கூடியவர்கள் என்பதும் அவ்வாராய்ச்சியிற் புலனாயிற்று.

இவ்வாற்றலின் எல்லை

சப்-1 ஐக் கொண்ட இனங்கள் எல்லா வெள்ளத்தையும் வெல்லும் என எண்ணுதல் தவறு. இரு கிழமைகளுக்கு மேல் முற்றாக மூழ்கியிருப்பின் அவையும் அழியும். முழங்காலளவு நீர் மாதக்கணக்கில் தேங்கி நிற்கும் பள்ளக் காணிகளுக்கு, நீளாது அடங்கியிருக்கும் இவ்வினங்கள் பொருத்தமற்றவை. பூக்கும் பருவத்தில் வரும் வெள்ளத்திலிருந்தும் சப்-1 பயிரைக் காப்பதில்லை.

புழுதியிலோ சேற்றிலோ வித்தை வீசி விதைக்கும் வயல்களில் வேறொரு இடருண்டு. விதைத்தவுடன் பெருமழை பெய்து வயல் மூழ்கினால் வித்து முளைக்காது அழுகிவிடும். முளைக்கும் பருவத்தில் சப்-1 உதவாது. இதற்குரிய பரம்பரையலகொன்று மியன்மாரைச் சேர்ந்த காவோ ஹ்லான் ஒன் என்னும் பழைய நெல்லிற் கண்டறியப்பட்டு 2015 இல் வெளியிடப்பட்டது. ஒட்சிசன் அற்ற நிலையிலும் வித்திலுள்ள மாப்பொருளைச் சீனியாக்கி முளைக்கு ஊட்டுதலை அது மிகுவிக்கின்றது. வீசிவிதைத்தலே பெருவழக்காயுள்ள இலங்கைக்கு இவ்வாராய்ச்சி மிகவும் பயனுள்ளது. ஆயினும், விதைப்புக்கு முன் நிலத்தைச் சமப்படுத்தி, வடிகாலைத் துப்புரவாக வைத்திருத்தலை எவ்வினமும் ஈடுசெய்யாது.

உவர் நிலத்துக்கான நெல்

உவர் நிலத்திற் பயிர் வாடுதற்கு இரு காரணங்கள் உள. மண்ணிலுள்ள உப்பு வேர் நீரை உறிஞ்சுவதைத் தடுக்கின்றது. அத்துடன் உப்பிலுள்ள சோடியம் தண்டினூடாக இலையை அடைந்து அதனை நஞ்சூட்டுகின்றது. இலையின் நுனி வெளிறிக் காய்வது இதன் அறிகுறியாகும்.

கேரளக் கரையோரத்துப் பொக்காளி என்னும் பழைய நெல் உவரைத் தாங்குவதிற் பெயர்பெற்றது. அதன் ஆற்றலிற் பெரும்பங்கு முதலாம் நிறமூர்த்தத்தின் ஓரிடத்தில் அமைந்துள்ளதென அறியப்பட்டது. வங்காளத்து நோனா பொக்ரா என்னும் நெல்லில் அவ்விடத்துள்ள பரம்பரையலகு எதுவென்பதைச் சீன விஞ்ஞானிகள் 2005 இல் வெளியிட்டனர். தண்டினூடாக மேலேறும் நீரிலிருந்து சோடியத்தை இடைவழியில் மீட்டெடுத்து, அஃது இலையை அடையாது தடுப்பதே அதன் தொழில். வாய்க்காலின் நடுவே வலையிட்டுக் குப்பையைத் தடுத்து, நீரை மட்டும் வயலுக்கு விடுதலை இது ஒக்கும்.

இக்காரணங்கள் விளங்குமுன்னரே இலங்கையின் நெல் ஆராய்ச்சியாளர் பொக்காளியைப் பயன்படுத்தினர். அம்பலாந்தோட்டையில் பி.ஜி. 94-1 என்னும் இனத்தைப் பொக்காளியுடன் கலந்து உருவாக்கப்பட்ட ஏ.ரீ. 354 என்னும் மூன்றரை மாத இனம், உவர் நிலங்களுக்கென விதந்துரைக்கப்பட்டது.

இங்கும் எல்லையுண்டு. மண்ணின் உவரை மின்கடத்துதிறனால் அளவிடுவர். உப்பு மிகுமளவுக்கு மண்கரைசலில் மின்சாரம் எளிதிற் பாயும். மீற்றருக்கு 3 தெசிசீமன் என்னும் அளவைத் தாண்டியபின், ஒவ்வோர் அலகுக்கும் சாதாரண நெல்லின் விளைவு ஏறக்குறைய 12 சதவீதம் குறையும். தாங்கும் இனங்கள் இதனிலும் கூடிய உவரிற் பயன்தரினும், உவர் மிகமிக அவையும் தளர்வுறும். நாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் நெல் உவரை மிகவும் அஞ்சும்.

பொக்காளிக் கமக்காரரும் இனத்தை மட்டும் நம்பியிருப்பதில்லை. மண்ணை மேடுகளாகக் குவித்து, பருவமழையால் உவர் கழுவப்பட்ட பின்னரே அவற்றின்மேல் வித்திடுகின்றனர். யாழ்ப்பாணக் குடாநாட்டில் தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் கடல்நீரைத் தடுக்க அணைகள் அமைக்கப்பட்டமையும், உவரை வெளியே நிறுத்துதலின் தேவையைக் கருதியேயாம். நன்னீரால் உவரைக் கழுவி வெளியேற்றுதலே முதற் பரிகாரம். இனத்தெரிவு அதற்குத் துணையாகும்.

அறக்கொட்டியும் ரத்து ஹீனட்டியும்

கமக்காரர் அறக்கொட்டி என வழங்கும் கபில நிறத் தத்தி, பயிரின் அடித்தண்டிலிருந்து சாற்றை உறிஞ்சுவது. தொகை மிகுந்தவிடத்துப் பயிர் வட்டம் வட்டமாக எரிந்தது போற் காயும்.

இத்தத்தியை எதிர்க்கும் ஐ.ஆர். 26 என்னும் இனம் 1973 இல் வெளியிடப்பட்டது. பரந்த அளவில் அவ்வொரே இனம் பயிரிடப்பட்டமையால், சில ஆண்டுகளுள் அதனையும் உண்ணவல்ல தத்திகள் பிலிப்பைன்சிலும் இந்தோனேசியாவிலும் பெருகின. ஓர் எதிர்ப்புப் பரம்பரையலகை மட்டும் நம்பியதால் வந்த கேடு இது. ஆனால், ரத்து ஹீனட்டி என்னும் இலங்கையின் பழைய சிவப்பு நெல்லோ, பல நாட்டுத் தத்திகளையும் நெடுங்காலமாக எதிர்த்து நின்றது. அதன் காரணத்தைச் சீன விஞ்ஞானிகள் 2015 இல் வெளிப்படுத்தினர். நான்காம் நிறமூர்த்தத்தில், ஒன்றையொன்று அடுத்து மூன்று பரம்பரையலகுகள் கூட்டாக நின்று எதிர்ப்பைத் தருகின்றன. ஒரு பூட்டைத் திறக்கக் கற்ற கள்வனுக்கும் மூன்று பூட்டிட்ட கதவு கடினமேயன்றோ?

பத்தலகொட நெல் ஆராய்ச்சி நிலையத்தில், கேரளத்துப் பட்டாம்பியின் பி.ரி.பி. 33 என்னும் எதிர்ப்பினத்தைக் கொண்டு பி.ஜி. 379-2 உருவாக்கப்பட்டது. எனினும் எதிர்ப்பினத்தை விதைத்தமையாற் கவனத்தைக் கைவிடலாகாது. யூரியாவை மிகையாக இடுதல் தத்தியைப் பெருக்கும். தத்தியைத் தின்னும் சிலந்திகளும் பிற உயிர்களும், வேளையறியாது தெளிக்கப்படும் நஞ்சால் முதலில் இறக்கின்றன. பின்னர்த் தத்தி தடையின்றிப் பெருகுகின்றது. இதனை உணர்ந்த இந்தோனேசிய அரசு, 1986 இல் 57 பூச்சிநாசினிகளை நெல்லுக்குப் பாவிப்பதைத் தடைசெய்தது.

வானிலிருந்து வயலைக் காணுதல்

எவ்வயல் எத்தனை நாள் மூழ்குகின்றது என்பதை அறிந்தாலன்றி ஏற்ற இனத்தைத் தெரிய முடியாது. இதற்கு வான்வெளித் தொழினுட்பம் உதவுகின்றது. ஐரோப்பிய வான்வெளி முகவரகம் 2014 ஏப்பிரலில் ஏவிய சென்ரினல்-1 என்னும் செய்மதி, ரேடார் அலைகளை நிலத்துக்கு அனுப்பி அவற்றின் எதிரொலியைப் பதிவு செய்தது. முகிலும் இருளும் அவ்வலைகளைத் தடுப்பதில்லை. அமைதியான நீர்ப்பரப்பு அலைகளை வேறு திசைக்குத் தெறிக்கச் செய்வதால், மூழ்கிய நிலம் படத்திற் கறுப்பாகத் தோன்றும். மழை பெய்துகொண்டிருக்கும்போதே வெள்ளத்தின் பரப்பை இவ்வாறு அறியலாம்.

எனினும், ஒரு செய்மதி ஒரே பாதையில் மீண்டு வருதற்கு 12 நாட்கள் எடுக்கும். அதற்கிடையில் வந்து வடிந்த வெள்ளம் அதற்குத் தெரியாதிருக்கலாம். ஆதலின், கமக்காரர் தம் வயலில் அளவுகோலொன்றை நட்டு, நீரின் ஆழத்தையும் நாட்களையும் குறித்து வைத்தல் இன்றும் இன்றியமையாதது.

பழைய வித்தைப் பேணுதல்

சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வித்துக் களஞ்சியத்தில் 1,30,000 இற்கு மேற்பட்ட நெல் வித்து மாதிரிகள் பேணப்படுகின்றன. 3,010 நெல்லினங்களின் பரம்பரைத் தொகுதியை ஒப்புநோக்கிய ஆய்வு 2018 இல் வெளியாயிற்று. இலங்கையிற் கன்னொறுவையிலுள்ள தாவரப் பரம்பரை வள நிலையம் இந்நாட்டின் வித்துக்களை உலர்த்திக் குளிரிற் பேணுகின்றது.

குர்கறுப்பனையும் ரத்து ஹீனட்டியையும் பயிரிட்ட கமக்காரர், அவற்றுள் ஒளிந்திருந்த ஆற்றலின் பெயரை அறிந்திலர். ஆயினும் கெட்ட ஆண்டிலும் பிழைத்த பயிரின் வித்தை அவர்கள் காத்தனர். அவர்கள் கைவிட்டிருப்பின், விஞ்ஞானிகள் தேடுவதற்கு ஒன்றும் இருந்திராது. ஆதலின் உயர்விளைவு இனங்களைப் பயிரிடும் கமக்காரரும், தம் ஊரிற் பழைய இனமேதும் எஞ்சியிருப்பின் அதனை அழியவிடலாகாது.

கமக்காரர் கைக்கொள்ள வேண்டியவை

1. வயலில் வெள்ளம் வரும் மாதம், ஆழம், நிற்கும் நாட்கள் ஆகியவற்றைப் போகந்தோறும் குறித்து வைத்து, அதற்கேற்ற இனத்தைத் தெரிக.

2. விதைப்புக்கு முன் நிலத்தைச் சமப்படுத்தி, வரம்பையும் வடிகாலையும் திருத்துக.

3. வெள்ளம் வருமென எதிர்பார்க்கும் வேளையில் யூரியா இடாதொழிக. நீர் வடிந்து புதிய இலை தோன்றிய பின்னரே பசளை இடுக. நீர் வடிந்தவுடன் பயிர் இறந்ததெனக் கருதி உழுதுவிடாது, சில நாட்கள் பொறுத்துக் குருத்தைச் சோதிக்க.

4. உவர் உள்ளதென ஐயுறும் வயலின் மண்ணைச் சோதிப்பிக்க. நன்னீர் கிடைக்கும் காலத்தில் உவரைக் கழுவி வெளியேற்றுக. நடுகை வயலாயின் முதிர்ந்த நாற்றை நடுக.

5. தத்தியை எதிர்க்கும் ஓரினத்தையே ஊர் முழுவதும் ஆண்டுதோறும் விதைத்தலைத் தவிர்க்க. கிழமைதோறும் பயிரின் அடித்தண்டைப் பிரித்துப் பார்க்க. சிலந்திகளைக் காக்க.

6. பழைய நெல்லின் வித்தைச் சிறிதளவேனும் ஒதுக்கிப் பயிரிட்டு, அதன் பெயரையும் குணத்தையும் எழுதி வைத்து, விவசாயப் போதனாசிரியருக்கு அறிவிக்க.

தத்தம் பிரதேசத்துக்கு விதந்துரைக்கப்பட்ட இனங்களையும் விதைநெல் பெறும் வழியையும் பற்றிய விவரங்களை, அருகிலுள்ள கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைக் கண்டு அறிந்துகொள்க.